செல்லமுத்து பெரியப்பா பிடுங்காமல் விட்ட கடலைக்காய்

எஸ்தர், பிரவீன்! ஜேடர்பாளையம் போய்த் திரும்பியதிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் கேட்டதற்கெல்லாம் அப்பா துண்டு துண்டாகத்தான் பதில் சொன்னேன். ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் இன்னொன்று முந்திக்கொண்டு வருகிறது. பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும்போதுகூட அந்தக் காடுதான் கண்ணில் நிற்கிறது. (அந்தப் பக்கம் மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். புலி கிலி ஒன்றும் கிடையாது, பிரவீன்.) அதனால் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். அப்பா ஒன்பதாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் எஸ்தர் திருத்திக்கொள்.

நம் வீட்டுப் புதன்கிழமை வேதபாடம் உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். யாரும் பிரசங்கம் பண்ணக்கூடாது. "இந்த வாரம் இதில் நான் எதைச் செய்வேன்" என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். செல்லமுத்து பெரியப்பா ரிக் லாரியில் வடநாடெல்லாம் சுற்றி ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். அயோத்தியாப்பட்டணத்தில் வாடகைக்கு இருந்த காலத்தில் நம்மோடு சேர்ந்தார். அவருடைய அப்பா காலமானதும் சொந்தக் காட்டைப் பார்க்க ஜேடர்பாளையத்துக்கே போய்விட்டார். போனாலும் புதன்கிழமையை விடமாட்டார். அம்மா போனை ஒரு காலிச் சொம்புக்குள் நிறுத்தி வைப்பாள். பெரியப்பா குரல் சொம்புக்குள்ளிருந்து கணீரென்று வரும். பிரவீன் உள்ளே எட்டிப் பார்த்து "ஸ்தோத்திரம் பெரியப்பா" என்று கத்துவான்.

லேவியராகமம் படித்த வாரம், அறுப்பு அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, ஏழைக்கும் ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கும் அதை விட்டுவிடு என்று கர்த்தர் சொன்ன இடம் வந்தது. நம்மில் ஒருவருக்கும் வயல் இல்லை. தேவராஜ் மாமா, "என் ஆட்டோவுல ஓரம்னா அது டிரைவர் சீட்டு ஓரம்தான். அதையும் குடுத்துட்டு நான் எங்க உக்காருவேன்?" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது சொம்பு பேசியது.

"எங்க காட்டுல கடலைக்காய் புடுங்கற பருவமுங்க. கெழக்கு வரப்போரம் நாலு சாலு உட்டர்றனுங்க."

நாலு சால் என்றால் நாலு வரிசை. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. "செய்ங்கண்ணே! அல்லேலூயா!" என்று கத்தியது நான்தான்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து போன். குரலில் தெம்பே இல்லை.

"தம்பி, ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க. மானம் வேற கறுத்துக்கிட்டு நிக்குது. மழை பேஞ்சா காயெல்லாம் மண்ணுக்குள்ளயே மொளச்சுப் போயிருமுங்க. ஆண்டவரு சொன்னாருன்னு உட்டது ஆருக்கும் ஆகாமப் போனா, நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி வேதத்தத் தொறக்கறது? வந்துட்டுப் போங்க."

கத்தியவன் போகாமல் இருக்க முடியுமா? நானும் தேவராஜ் மாமாவும் கிளம்பிவிட்டோம்.

மாமாவோடு பயணம் போவது தனி அனுபவம். சேலத்தில் பஸ் ஏறும் முன்பே தட்டுவடை செட் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார். சங்ககிரி மலைக்கோட்டை ஜன்னலில் தெரிந்தபோது, பீட்ரூட் துருவல் ஒட்டிய காகிதம் மட்டும்தான் மிச்சம். "ஊரு வேற, தண்ணி வேற, வயித்த முன்னாடியே தயார் பண்ணிக்கணும் தம்பி" என்று வியாக்கியானம் வேறு.

திருச்செங்கோட்டை நெருங்கும்போது பஸ்ஸின் பின் சக்கரம் டமாரென்று வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இறங்கிய இடம் ஒரு ரிக் பட்டறை வாசல். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசு என்றால், அங்கே தெருவுக்குத் தெரு ரிக். வீட்டு உயரத்துக்கு லாரி, அதன் முதுகில் படுக்கவைத்த இரும்புக் கோபுரம், பக்கத்தில் பனைமரம் பனைமரமாகத் துளைபோடும் குழாய்கள். பிரவீன் இருந்திருந்தால் திரும்பியே வந்திருக்க மாட்டான்!

குழாய்களின் மேல் உட்காரலாமென்று போனோம். ஒரே கிரீஸ். எங்களோடு இறங்கிய ஒரு பாய், தன் மூட்டையிலிருந்து போர்வை ஒன்றை உருவி விரித்தார். சேலத்தில் போர்வை வியாபாரமாம்.

"உக்காருங்க. கறை பட்டாலும் தொவைச்சா போயிடும், இது கியாரண்டி சாயம்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "பைபிளும் கையுமா எங்க பயணம்?"

"கடலைக்காய் புடுங்க ஆள் பிடிக்கப் போறோம் பாய்" என்றார் மாமா.

நான் விஷயத்தைச் சொன்னேன். பாய் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"சும்மா குடுக்கறேன்னா எவன் வருவான்? நாலு பேர் பாப்பாங்கல்ல? எங்க பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சினா ஜவுளிக்கடைக்காரர் வீட்டுத் தூக்குப் போசியும் வரிசையில நிக்கும், மூட்டை தூக்கறவர் வீட்டு ஒடுக்கு விழுந்த போசியும் நிக்கும். யார் இல்லாம வாங்கறாங்க, யார் ருசிக்கு வாங்கறாங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"நான் ருசிக்குத்தான் பாய்" என்றார் மாமா உடனே. "போன நோன்புக்கு எங்க ஸ்டாண்டு ஆளுங்க பூரா ருசிக்குத்தான் வாங்கினோம்."

சக்கரம் மாற்றி முடித்ததும் பாய் போர்வையை உதறி மடித்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. "பாத்தீங்களா?" என்று பெருமையாகக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அவர் சொன்ன கஞ்சிக் கதை எனக்கு அப்போது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

ஜேடர்பாளையத்தில் இறங்கினால் முதலில் காதில் விழுவது தண்ணீர்ச் சத்தம். காவிரி தடுப்பணையில் விழுந்து வெள்ளையாகப் புரண்டு ஓடுகிறது. கரையில் ஆற்று மீன் வறுவல். மசாலா மணம் மாமாவைக் கயிறு கட்டி இழுத்தது. நம் ஊரில் ஐஸ் பெட்டி மீன்தானே பழக்கம். இது வாயில் வைத்ததும் பஞ்சு மாதிரி உடைந்தது. அடுத்த முறை உங்களை அழைத்துப் போகிறேன், சத்தியமாக.

செல்லமுத்து பெரியப்பா மொபெட்டில் வந்தார். அதில் மூன்று பேர், நடுவில் தேவராஜ் மாமா! முன்னால் பெரியப்பா ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துவிட்டார், பின்னால் நான் பாதி காற்றில். வழியில் ஒரு எருமை குறுக்கே நின்றது. நாமென்றால் "ஏய், போ" என்போம். பெரியப்பா, "தள்ளிக்க சாமி, ஆளு வந்திருக்குது" என்றார். எருமையும் தள்ளிக்கொண்டது. அந்த ஊர் பாஷையே அப்படி.

வாசலில் அவர் மனைவி ராசாத்தி பெரியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்க, வாங்க. சேலத்துல உக்காந்துக்கிட்டே எங்க காட்டுல நாலு சாலு உடச் சொன்ன பெரிய மனுசரு நீங்கதானுங்களா?"

நான் தேவராஜ் மாமா முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "பேசாத இரு" என்று பெரியப்பா மெல்ல முணுமுணுத்தார். "நா ஏன் பேசாம இருக்கோணும்? ஊரே பேசுது" என்றார் பெரியம்மா. ஆனால் திட்டிக்கொண்டே சொம்பு நிறைய மோர் கொடுத்தார்.

சாயங்காலம் காட்டைப் பார்த்தேன். பிடுங்கி முடித்த இடமெல்லாம் செம்மண் கிளறிக் கிடந்தது. அதில் நாலைந்து பெண்கள் குச்சியால் கிண்டி, மண்ணுக்குள் தவறிப்போன காய்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறுவடை முடிந்த காட்டில் அப்படிப் பொறுக்குவது அங்கே வழக்கம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் கிழக்கு ஓரம் நாலு சாலும் இலை பழுத்து, காய் முற்றி, தொடுவார் இல்லாமல் நின்றன. பொறுக்கிக்கொண்டே அங்கே வந்தவர்கள், நடுவில் சுவர் இருப்பதுபோல் திரும்பிப் போனார்கள்.

ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டேன். அஞ்சலை என்று பேர். ஆத்தூர்ப் பக்கமிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவள். கணவன் இல்லை. ஒரு மகள், நம் எஸ்தர் வயது. மழைக்காலம் வந்ததால் சூளையில் வேலையும் நின்றுவிட்டது.

"ஏம்மா, இதைப் பிடுங்கலாமே? உங்களுக்குன்னுதான் விட்டிருக்காங்க."

அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, அது கேசு நெலமாம்ங்க. வரப்புத் தகராறாம். கைய வச்சா சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்கன்னு பேசிக்கறாங்க. நான் பொழைக்க வந்தவ, எனக்கு எதுக்கு?"

அப்போதுதான் விளங்கியது! கிழக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் பெரியப்பாவின் பங்காளி கந்தசாமி காடு. வரப்போரம் ஒருவன் வெள்ளாமையைப் பிடுங்காமல் விட்டால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நில அளவைக்கு ஆள் வருகிறது. இரண்டு பங்காளிகளும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். பெரியப்பா ஏழைக்கென்று விட்டதை ஊர் கோர்ட்டு வழக்கென்று படித்துவிட்டது.

சொல்லி வைத்தாற்போல் கந்தசாமி பெரியப்பாவே வரப்பில் வந்து நின்றார். ஆள் நல்ல உயரம்.

"ஏன்டா செல்லமுத்து, சர்வேயரு என்னைக்கு வாராரு? எனக்கும் ஒரு வார்த்த சொன்னீன்னா வேட்டி தொவச்சுக் கட்டிக்கிட்டு நிப்பனில்ல?"

"அதெல்லாம் இல்லீங்ணா. ஏழைபாழைக்குன்னு உட்டதுங்க."

"ஏழைக்கு உடறவன் நடுக்காட்டுல உடறது! எதுக்கு எங்க வரப்புல வந்து உடறே?"

"வேதத்துல ஓரம்னுதான் போட்டிருக்குதுங்க" என்றார் தேவராஜ் மாமா, உதவி செய்வதாக நினைத்து.

"அப்படியா? அந்த ஊர்ல பங்காளியே இல்லையாட்ட இருக்குது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். செல்லமுத்து பெரியப்பா சிரிக்கவில்லை. மேற்கே பார்த்தார். மேகம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. "நாளைக்குத் தாங்காதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தேன். என்ன செய்வதென்று தெரியாதபோது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தில் விரல் வைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அப்பாவும் முன்பு அப்படித்தான். இப்போது அப்படிச் செய்வதில்லை. வயலோரத்தைப் பற்றிய கட்டளை கதையாக நடப்பது எங்கே என்று யோசித்தேன். ரூத்! அவசர அவசரமாகப் புரட்டினேன். இந்தக் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டவன்தான். ஆனால் ஒரு காட்டோரத்தில், மழை வருமோ என்று பயந்துகொண்டு படித்ததில்லை.

கேளுங்கள் பிள்ளைகளே. வேறு நாட்டிலிருந்து வந்த ரூத், கதிர் பொறுக்கப் போகிறாள். வயல்காரர் போவாஸ் கட்டளைப்படி வயலில் பொறுக்க விட்டதோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போகவில்லை. அவளிடம் போய்ப் பேசுகிறார். வேலையாட்கள் மொண்ட தண்ணீரையே குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு அறுக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, வறுத்த தானியத்தைத் தன் கையால் கொடுக்கிறார். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு, மிச்சமும் எடுத்து வைக்கிறாள். அவளை யாரும் வெட்கப்படுத்தக் கூடாது, அறுத்த கதிர் அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலதை உருவி விடுங்கள் என்று ஆட்களுக்குச் சொல்கிறார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். பாய் சொன்ன கஞ்சி வரிசை அப்போதுதான் மண்டையில் ஏறியது. நாங்கள் கடலையை ஓரத்தில் விட்டோம். அஞ்சலையையும் ஓரத்திலேயே விட்டுவிட்டோம்! பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்த்தர் சொன்னதைச் செய்வது என்பது அந்தக் காரியத்தை முடித்துக் கணக்குத் தீர்ப்பதில்லை. அதற்கு அப்புறம் மனிதர்களிடம் நடந்து போகவேண்டியிருக்கிறது.

அடுப்படிக்கு ஓடி ராசாத்தி பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார். முடிந்ததும் கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

"இத மொதல்லயே படிச்சிருக்கோணுமுங்க. ஆம்பளைங்க பாதியப் படிச்சுப் போட்டுக் காட்டுல உட்டுட்டீங்க. மீதியில சோறு இருக்குதல்ல? சோறுன்னா எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் அந்தக் காரியம் அவர் கையில். அண்டாவை இறக்கினார். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் தாளித்து அரிசிம்பருப்புச் சோறு. பெரியப்பாவைப் பார்த்து, "போய் உங்கண்ணனக் கூப்புடுங்க. மொதச் செடி அவருதான் புடுங்கோணும். அவரு கை பட்டாத்தான் கேசுன்னு பேசறவன் வாய மூடுவான்" என்றார்.

பெரியப்பா தயங்கினார். அவர் வேதத்தைப் பிடித்துக்கொண்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைவு. இருந்தாலும் மேகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார். நானும் கூடப் போனேன்.

கந்தசாமி பெரியப்பா கேட்டார்: "என்ன, உங்க சாமி சோறா?"

"எம்பொண்டாட்டி சோறுங்ணா. அரிசிம்பருப்பு."

"ராசாத்தி வெக்கறதா?" கொஞ்சம் யோசித்தார். "செரி, வாரேன் போ."

வந்தார். ஊர் பார்க்கும்படி வரப்பில் நின்று வேட்டியை மடித்துக் கட்டி, முதல் செடியைக் கொத்தாகப் பிடுங்கி மண்ணை உதறினார். காய் குலுங்கியது பாருங்கள், சலங்கை மாதிரி! பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். நாங்களும் வரிசையில் இறங்கினோம். பெரியம்மா தூரத்தில் நின்ற அஞ்சலையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ அஞ்சலை! அங்க நின்னு என்ன வேடிக்க? எனக்குப் பக்கத்துல ஆளு கொறையுது, வா! இந்தச் சேலத்துக்காரங்கள நம்பினா பொங்கலாயிரும்!"

அஞ்சலை கந்தசாமி பெரியப்பாவைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த செடியைப் பார்த்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே மற்றவர்களும். அவளவள் பிடுங்கியது அவளவளுக்கு என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

தேவராஜ் மாமா இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும், காயெல்லாம் மண்ணுக்குள் நின்றுவிடும். "நீங்க வேணும்னே உடறீங்களா, இல்ல புடுங்கத் தெரியலையா?" என்று பெரியம்மா கேட்டார். "வேதப்படி உடறனுங்க" என்றார் மாமா அவர்கள் பாஷையிலேயே. அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பாதியில் சாப்பாடு. யார் எங்கே உட்கார்வது என்பதில் அங்கேயும் சொல்லாத ஒரு கணக்கு உண்டு, நம் ஊரைப் போலவே. அஞ்சலை இலையை வாங்கிக்கொண்டு தள்ளிப் போகப் பார்த்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துத் தனக்கும் கந்தசாமி பெரியப்பாவுக்கும் நடுவில் உட்காரவைத்தார். கந்தசாமி பெரியப்பாவின் கை சோற்றுக்கு மேலே அப்படியே நின்றது. எல்லோரும் இலையைப் பார்த்தோம். பிறகு, "நெய்ய இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் புள்ளைக்கும் ஊத்து" என்றார்.

அஞ்சலை சாப்பிட்டு, இரண்டாம் தடவை போட்டதில் பாதியை இலையோடு மடித்து மகளுக்கென்று பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகளே, காலையில் தாளில் படித்ததை மத்தியானம் கண்ணால் பார்ப்பதென்றால் என்னவென்று அப்பாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

முதல் தூறல் விழுந்தது. ஓடி ஓடிப் பிடுங்கினோம். மூட்டைகளைக் கட்டியாகிவிட்டது. கடைசிச் சாலில் அஞ்சலை திடீரென்று கையை நிறுத்திவிட்டாள். மூலையில் கொஞ்சம் செடிகள் மிச்சம்.

"அதையும் புடுங்கீரு அஞ்சலை, மழ வந்திருச்சு!" என்று செல்லமுத்து பெரியப்பா கத்தினார்.

"இருக்கட்டுங்க" என்றாள் அவள். "சூளைக்கு நாளைக்கு எங்க ஊர்லேருந்து இன்னொரு குடும்பம் வருதுங்க. வேலை நின்னது தெரியாம வராங்க. அவங்களுக்கு."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

செல்லமுத்து பெரியப்பா நனைந்துகொண்டே அந்தச் செடிகளைப் பார்த்து நின்றார். கந்தசாமி பெரியப்பா வரப்பைத் தாண்டிப் போனார். தன் வேலியிலிருந்து முள் வெட்டி இழுத்து வந்து, அந்த மூலையைச் சுற்றிப் போட்டு அமுக்கினார்.

"ஆடு வாய வெச்சுரும்" என்றார், எங்களைப் பார்க்காமலே. "வர்ற சனத்துக்கு அப்பறம் என்ன இருக்கும்?"

செல்லமுத்து பெரியப்பா என் தோளைத் தொட்டார்.

"புதங்கெழம போன் போடுங்க தம்பி. மறந்தராதீங்க."